கால் எங்கே, தாத்தா?

பொங்கல் லீவுக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். புதுசாக 55 இஞ்ச் டிவி வாங்கிச் சுவரில் மாட்டியிருந்தார்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்து எல்லோரும் பாயில் சாய்ந்திருந்த நேரம், ஒரு சேனலில் ‘வஞ்சிக்கோட்டை வாலிபன்’ ஓடியது. பத்மினியும் வைஜயந்திமாலாவும் மோதுகிற போட்டி நடனம் வரப்போகிறது என்றதும் தங்கச்சி ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். அவளுடைய பேத்திக்கு ஏழு வயது. ஆறு மாதமாகப் பரதம் கற்றுக்கொள்கிறாள். தட்டடவு முடிந்து நாட்டடவுக்கு வந்திருக்கிறாளாம். டிவிக்கு நேர் எதிரே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தவள், கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“கால் எங்கே, தாத்தா?”

இல்லைதான். சலங்கைச் சத்தம் கேட்கிறது, சலங்கை கட்டிய பாதத்தைக் காணோம். இரண்டு பேரும் கணுக்கால் வரைக்கும்தான் ஆடுகிறார்கள். மேலே பார்த்தால் கொண்டையில் பாதி இல்லை. 1958-ல் எஸ்.எஸ்.வாசன் எடுத்த படம். அந்தக் காலத்துப் படச்சட்டம் ஏறக்குறைய நாலுக்கு மூன்று. இன்றைய டிவியோ பதினாறுக்கு ஒன்பது. ஓரத்தில் கறுப்பு தெரியக்கூடாதென்று யாரோ ஒரு புண்ணியவான் படத்தை ஊதிப் பெரிதாக்கி, மேலேயும் கீழேயும் வெட்டித் தள்ளியிருக்கிறார். கணக்குப் போட்டால் உயரத்தில் கால்வாசி காலி. நான் ரிமோட்டை வாங்கி எல்லா அளவையும் மாற்றிப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. சேனலே வெட்டிவிட்டு அனுப்பினால் வீட்டில் இருக்கிற ரிமோட் என்ன செய்யும்?

என் போனில் தேடினேன். அதே நடனம், வெட்டாத பழைய பிரதி, கறுப்பு ஓரங்களோடு கிடைத்தது. உள்ளங்கை அகலம்தான். ஆனால் கால் இருந்தது. குழந்தை போனைப் பிடுங்கிக்கொண்டு சுவரோரம் போய்விட்டாள். தங்கச்சியும் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். 55 இஞ்ச் யாருக்கும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

இதில் எனக்கு மட்டும் ஏன் இவ்வளவு வயிற்றெரிச்சல் என்று கேட்கலாம். 1974-ல், பதினேழு வயதில், கோவில்பட்டிப் பக்கம் ஒரு தியேட்டரில் உதவி ஆபரேட்டராகச் சேர்ந்தவன் நான். பத்து வருஷம் கேபினுக்குள் கார்பன் புகையில் நின்றேன். அதற்கப்புறம் எலெக்ட்ரிகல் கடை, குடும்பம், கடன் என்று காலம் ஓடிவிட்டது. ஆனாலும் எங்கே ஒரு படம் ஓடினாலும் என் கண் முதலில் அதன் நாலு ஓரத்தையும்தான் தடவிப் பார்க்கும். பழக்க தோஷம்.

நான் சேர்ந்த வருஷம்தான் எங்கள் தியேட்டருக்கு ‘ராஜராஜ சோழன்’ வந்தது. தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம். 1973-ல் வெளியாகி, பெரிய ஊர்களையெல்லாம் சுற்றி முடித்து, உடம்பெல்லாம் கீறலோடு அந்தப் பிரிண்ட் எங்களிடம் வந்து சேர ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. அதற்காகவே முதலாளி இரண்டு ஸ்கோப் லென்ஸ் வாங்கியிருந்தார். குழந்தையைத் தூக்குவது மாதிரி இரண்டு கையாலும் அதைத் தூக்கவேண்டும். படம் எடுக்கும்போது கேமராவில் ஒரு லென்ஸ், அகலக் காட்சியைப் பக்கவாட்டில் பாதியாக நெருக்கி வழக்கமான பிலிமுக்குள் அடைத்துவிடும். பிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் சிவாஜி ஒட்டடைக்குச்சி மாதிரி இருப்பார். புரொஜெக்டருக்கு முன்னால் மாட்டுகிற ஸ்கோப் லென்ஸ் அந்த நெருக்கலைத் திரும்ப விரித்துவிடும். பிரான்ஸ் நாட்டு ஹென்றி கிரெத்தியன் 1920-களிலேயே செய்துவைத்த வித்தை இது. அமெரிக்காவில் டிவி வந்து தியேட்டர் கூட்டத்தைக் குறைத்த பிறகுதான் அதற்கு மவுசு வந்தது. ஃபாக்ஸ் கம்பெனி 1953-ல் ‘தி ரோப்’ படத்தோடு சினிமாஸ்கோப்பை இறக்கியது. இந்தியாவில் முதலில் செய்து பார்த்தவர் குரு தத், 1959-ல் ‘காகஸ் கே பூல்’. தமிழுக்கு வர மேலும் பதினாலு வருஷம்.

எங்கள் திரைக்கு இரண்டு பக்கமும் கறுப்புத் துணி தொங்கும். அரசாங்க நியூஸ் ரீல் ஓடும்போது துணி உள்ளே நெருங்கி நிற்கும், படம் ஒடுக்கமாகத் தெரியும். மெயின் படம் ஆரம்பிக்கும் நேரம் கயிற்றை இழுப்போம். துணி இரண்டு பக்கமும் விலக விலகத் திரை அகன்றுகொண்டே போகும். சனம் கைதட்டும், விசிலடிக்கும். சிவாஜி இன்னும் வரவே இல்லை. வெறும் துணி விலகியதற்கு அந்தக் கைதட்டல்.

இரண்டாவது நாளோ மூன்றாவது நாளோ நான் செய்த காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். நியூஸ் ரீல் ஓடிய இரண்டாம் மிஷினில், முதல் ரீல் முடிவதற்குள் ஸ்கோப் லென்ஸை மாட்டவேண்டியது என் வேலை. நான் கேபின் ஓட்டை வழியாகப் படம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். ரீல் மாறியது. சோழச் சக்கரவர்த்தி, மந்திரி, பட்டத்து யானை எல்லாம் ஒரே நொடியில் தென்னைமரமாக நெடுநெடுவென்று வளர்ந்துவிட்டார்கள். கீழே பெஞ்சு தட்டிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

ஆனால் நான் சொல்லவந்தது வேறொன்று. எங்கள் தியேட்டரின் சுவர் அகலம் போதாது. சாதாரணப் படத்தின் உயரத்தை அப்படியே வைத்துக்கொண்டு அகலத்தைக் கூட்டினால் ஸ்கோப் படம் இரண்டு பக்கமும் சுவரில் விழும். இரண்டே வழி. பக்கவாட்டில் படத்தை வெட்டவேண்டும், அல்லது உயரத்தைக் குறைத்து முழுப் படத்தையும் அடக்கவேண்டும். மூத்த ஆபரேட்டர் அண்ணாச்சி உயரத்தைக் குறைத்தார். முதலாளி வந்து பார்த்துவிட்டு, “என்னவே, சினிமாஸ்கோப்புன்னு போஸ்டர் ஒட்டிட்டு மேலயும் கீழயும் காலியாக் கெடக்கு?” என்றார். அண்ணாச்சி பதில் சொல்லவில்லை. மேலேயும் கீழேயும் கறுப்புத் துணி தைத்து மாட்டினார். புரொஜெக்டர் கேட்டில் சொருகுகிற தகட்டை அரத்தால் ராவி ராவி, வெளிச்சம் துணியில் அரை இஞ்ச் மட்டும் ஏறுகிற மாதிரி செய்தார். அந்த அரை இஞ்ச்சைக் கறுப்புத் துணி விழுங்கிவிடும், ஓரம் கத்தியால் கீறினது மாதிரி நேராக நிற்கும். பிறகு என்னிடம் சொன்னார்: “ஏலே, படத்துக்கு ஏத்தாப்புல துணியை நகத்தணும். துணிக்கு ஏத்தாப்புலப் படத்தை நகத்தப்பிடாது.”

டிவி விஷயத்தில் நாம் ஐம்பது வருஷமாக அண்ணாச்சி சொன்னதற்கு நேர் எதிராகத்தான் செய்துவருகிறோம். தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமைப் படம் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். பெட்டி நாலுக்கு மூன்று, படம் சினிமாஸ்கோப். எழுத்துப் போடுகிற வரைக்கும் பெயர்கள் எல்லாம் ஒல்லியாக, நெருக்கியடித்து வரும். எழுத்து முடிந்ததும் படம் திடீரென்று பெருத்து, இரண்டு பக்கமும் காணாமல் போய்விடும். கதாநாயகனும் கதாநாயகியும் ஆளுக்கொரு ஓரத்தில் நின்று பேசினால், நடுவில் இருக்கும் பூச்சாடியைத்தான் நாம் பார்த்துக்கொண்டிருப்போம். அதிகபட்சம் இரண்டு மூக்கு பேசும். அன்று பெட்டி சதுரம், படம் அகலம். இன்று பெட்டி அகலம், பழைய படம் சதுரம். இரண்டு காலத்திலும் கத்தி படத்தின் மேல்தான் விழுந்தது.

இந்தப் பதினாறுக்கு ஒன்பது எங்கிருந்து வந்தது என்பது சுவாரசியமான கதை. எந்த டைரக்டரும் கேட்டு வாங்கிய அளவு இல்லை அது. 1980-களில் அமெரிக்கத் திரைப்பட, தொலைக்காட்சிப் பொறியாளர் சங்கத்தில் கெர்ன்ஸ் பவர்ஸ் என்பவர், அப்போது புழக்கத்தில் இருந்த பட அளவுகளை எல்லாம் ஒரே பரப்புள்ள செவ்வகங்களாக்கி, நடுமையம் பொருந்தும்படி ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தார். எல்லாவற்றையும் சுற்றி ஒரு செவ்வகம் வரைந்தால் அதன் அகலம் உயரத்தைப்போல் 1.77 மடங்கு. எல்லாவற்றுக்கும் பொதுவாக உள்ளே இருக்கிற செவ்வகத்தை அளந்தால் அதுவும் அதே 1.77. அதைத்தான் 16:9 என்று வைத்துக்கொண்டார்கள். நாலுக்கு மூன்றை அதே நாலுக்கு மூன்றால் பெருக்கினாலும் பதினாறுக்கு ஒன்பதுதான் வரும், பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் கேளுங்கள். ஆக இது ஒருவருக்கும் அளவெடுத்துத் தைக்காத ரெடிமேட் சட்டை. பழைய படம் போட்டால் பக்கத்தில் தொளதொளக்கும், சினிமாஸ்கோப் போட்டால் மேலேயும் கீழேயும் தொளதொளக்கும். கறுப்புப் பட்டை டிவியின் கோளாறு என்று நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ளவேண்டும். அந்த அளவைத் தேர்ந்தெடுத்தபோதே பட்டையும் கூடவே வந்துவிட்டது.

என் வீட்டுக்காரி இதையெல்லாம் ஒப்புக்கொள்ள மாட்டாள். “ஏங்க, முழு டிவிக்குத்தானே காசு கொடுத்தோம், கால்வாசியைக் கறுப்பா விட்டுட்டு உட்காரணுமா?” என்பது அவள் கட்சி. நியாயமான கேள்வி. அதனால் டேப்பை எடுத்து அளந்து காட்டினேன். 55 இஞ்ச் என்பது மூலைக்கு மூலை. அகலம் 48 இஞ்ச்சுக்குக் கொஞ்சம் குறைவு, உயரம் 27. பழைய படத்தை வெட்டாமல் போட்டால் 36 இஞ்ச் அகலத்தில் நிற்கும், இரண்டு பக்கமும் ஆறு ஆறு இஞ்ச் கறுப்பு. சினிமாஸ்கோப் போட்டால் 20 இஞ்ச் உயரத்தில் நிற்கும், மேலும் கீழும் மூன்றரை இஞ்ச். இரண்டிலும் வீணாவது பரப்பில் சுமார் கால்வாசி. அவள் சொன்ன கால்வாசி சரிதான். வெட்டிப் போட்டாலும் போவது கால்வாசிதான், ஆனால் அப்போது போவது பத்மினியின் கால்.

இழுத்துப் போடுகிறவர்கள் இன்னொரு ஜாதி. வெட்ட மாட்டார்கள், படத்தை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துத் திரையை நிரப்புவார்கள். ஆள் மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடுவார். எங்கள் தெரு டீக்கடையில் இருபது வருஷமாக எம்.ஜி.ஆர். இப்படித்தான் தொந்தியோடு கத்திச்சண்டை போடுகிறார்.

வயதானவர்களின் ஒரு புகாருக்கு மட்டும் நான் கட்சி கட்டுவேன். “பழைய டியூப் டிவியில் நல்லாப் பெருசாத் தெரிஞ்சுது, புது டிவியில் சின்னதாயிருச்சு” என்பார்கள். பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கவேண்டாம், உண்மைதான். 29 இஞ்ச் என்று விற்ற டியூப் டிவியில் கண்ணுக்குத் தெரிந்தது 27 இஞ்ச்தான். அதன் உயரம் 16 இஞ்ச்சுக்கு மேல். 32 இஞ்ச் புது டிவியின் உயரம் 16-க்குக் கீழே. அகலத்தில் வாங்கி உயரத்தில் இழந்திருக்கிறோம். பழைய படமே கதியென்று இருக்கிற அம்மாவுக்கு டிவி வாங்குகிறவர்கள் மூலை அளவைப் பார்க்காமல் உயரத்தை அளந்து வாங்குங்கள்.

வெளிநாட்டில் இதற்காகச் சண்டை போட்டு ஜெயித்திருக்கிறார்கள். ‘சிம்ப்சன்ஸ்’ என்கிற கார்ட்டூன் தொடரின் பழைய பகுதிகள் நாலுக்கு மூன்றில் செய்தவை. 2019 நவம்பரில் டிஸ்னி தன் ஓடிடியில் அவற்றை மேலும் கீழும் வெட்டி அகலமாக்கிப் போட்டது. ஒரு காட்சியில், டஃப் என்கிற பீர் கம்பெனியில் மூன்று வகை பீர் என்று மூன்று தொட்டி இருக்கும். மூன்றுக்கும் மேலேயிருந்து ஒரே குழாய்தான் வரும், அதுதான் சிரிப்பு. வெட்டியதில் குழாய் போய்விட்டது, சிரிப்பும் போய்விட்டது. ரசிகர்கள் விடாமல் கூப்பாடு போட்டார்கள். அடுத்த மே மாதம், பழைய அளவிலேயே பார்க்கிற வசதியைக் கொடுத்தார்கள். ஒரு பீர் குழாய்க்கு அவ்வளவு நடந்திருக்கிறது. ‘சந்திரலேகா’வின் முரசு நடனத்தில் ஒரு வரிசை முரசு காணாமல் போனால் இங்கே யார் கேட்பது?

இப்போது வருகிற டைரக்டர்கள் சட்டத்தின் அளவையே கதை சொல்லப் பயன்படுத்துகிறார்கள். வெஸ் ஆண்டர்சன் ‘தி கிராண்ட் புடாபெஸ்ட் ஹோட்டல்’ படத்தில் மூன்று காலகட்டத்துக்கு மூன்று அளவு வைத்தார். கனடாக்காரர் சேவியர் டோலனின் ‘மம்மி’ சதுரமாகவே ஓடும். நடுவில் ஒரு இடத்தில் அந்தப் பையன் இரண்டு கையாலும் ஓரத்தைத் தள்ளித் திரையை அகலமாக்குவான். இரண்டுமே 2014-ல் வந்தவை. இவற்றை டீக்கடை டிவியில் போட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

நம் ஊரில் 2012-ல் ‘கர்ணன்’ மறுவெளியீடாகி நன்றாக ஓடியபிறகு, பழைய படங்களைச் சுத்தம் செய்து திரும்பத் தியேட்டருக்குக் கொண்டுவரும் வேலை சூடுபிடித்தது. கீறலை எடுத்தார்கள், சத்தத்தைத் தெளிவாக்கினார்கள். நல்ல காரியம், கும்பிடுகிறேன். ஆனால் ‘டிஜிட்டல் சினிமாஸ்கோப்’ என்று போஸ்டரில் போடுவதை ஒரு பெருமையாக ஆக்கிவிட்டார்கள். பழைய சட்டத்தின் அகலம் முழுவதையும் வைத்துக்கொண்டு சினிமாஸ்கோப் செய்தால் உயரத்தில் 100-க்கு 42 பங்கு போகவேண்டும். அதைக் குறைக்கக் கொஞ்சம் இழுப்பார்கள், கொஞ்சம் வெட்டுவார்கள். சிற்பத்தைக் கழுவித் துடைத்துவிட்டு, மண்டபத்துக்குள் நுழையவில்லையென்று கிரீடத்தை உடைக்கிற மாதிரிதான் எனக்குப் படுகிறது. மறுவெளியீடு செய்கிறவர்களுக்கு ஒரே ஒரு விண்ணப்பம்: படத்தைச் சதுரமாகவே காட்டுங்கள், பக்கத்தில் கறுப்பு கிடக்கட்டும். பழைய படம் பார்க்க வருகிறவனுக்கு அது பழைய படம் என்று தெரியும். சேனல்காரர்களுக்கும் அதேதான். சிலர் இரண்டு ஓரத்திலும் பூவேலைப்பாடு போட்ட தூண் வைக்கிறார்கள். கல்யாண மண்டபம் மாதிரி இருக்கிறது, பரவாயில்லை, கால் தெரிகிறது. படத்தையே மங்கலாக்கி ஓரத்தில் ஆடவிடுகிறார்களே, அதை மட்டும் நிறுத்தலாம்.

வீட்டில் செய்யக்கூடியதும் கொஞ்சம் உண்டு. டிவியின் செட்டிங்கில் ‘பிக்சர் சைஸ்’ என்றோ ‘ஆஸ்பெக்ட் ரேஷியோ’ என்றோ இருக்கும், கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும். அதில் ஜூம், ஸ்ட்ரெச் எதுவும் வேண்டாம். ‘ஒரிஜினல்’, ‘ஜஸ்ட் ஸ்கேன்’, ‘ஃபிட் டு ஸ்கிரீன்’ என்று எது இருக்கிறதோ அதைப் போடுங்கள். நாலு பக்கமும் கறுப்பாகத் தெரிந்தால் கோளாறு பெரும்பாலும் செட்டாப் பாக்ஸில்தான், அதில் 16:9 என்று மாற்றவேண்டும். உறவுக்காரர் வீட்டுக்குப் போனால் அவர்கள் காபி போடுகிற நேரத்துக்குள் இதை நானே மாற்றிவிட்டு வந்துவிடுவேன். இரண்டு வீட்டில் திட்டு வாங்கியிருக்கிறேன்.

போன வருஷம் கோயம்புத்தூரில் இருக்கிற என் மருமகன், மாடியில் ஒரு ரூமை ஹோம் தியேட்டராக்கினான். கடைக்காரர் ஸ்கோப் ஸ்கிரீன்தான் கௌரவம் என்றாராம். போனில் கேட்டான்: “மாமா, 16:9 போடவா, ஸ்கோப் அளவு 2.35 போடவா?” நான் திருப்பிக் கேட்டேன்: “உன் சுவரில் முதலில் தீர்ந்துபோவது அகலமா, உயரமா?” அளந்தான். ஸ்பீக்கர் போக அகலம் பத்தடிதான் மிஞ்சியது, உயரம் தாராளம். அப்படியானால் பேச்சே இல்லை. பத்தடி அகலத்தில் 16:9 ஸ்கிரீன் போட்டாலும் ஸ்கோப் படம் அதே பத்தடிக்குத்தான் வரும். ஸ்கோப் ஸ்கிரீன் போட்டால் உயரம் நாலேகால் அடி, அதில் பழைய தமிழ்ப் படம் போட்டால் ஐந்தே முக்கால் அடி அகலத்துக்குச் சுருங்கிவிடும். 16:9-ல் அதே படம் ஏழரை அடி. தாழ்ந்த கூரை, நீண்ட சுவர் இருக்கிறவர்களுக்குத்தான் ஸ்கோப் ஸ்கிரீனால் லாபம். அவர்களுக்கும் ஒரு தொல்லை உண்டு: ‘தி டார்க் நைட்’ மாதிரி நடுநடுவே ஐமேக்ஸ் காட்சிக்கு உயருகிற படங்களை டிஸ்கில் போட்டால் மேலும் கீழும் சுவரில் வழியும்.

புரொஜெக்டரில் கறுப்பு என்பது முழுக் கறுப்பாக வராது, சாம்பல் படிந்தது மாதிரி இருக்கும். அதற்கு அண்ணாச்சி வைத்தியம்தான். கறுப்பு வெல்வெட் எடுத்து, தெருமுனை டெய்லரிடம் நாலு திரை தைக்கக் கொடுத்தோம், மேலே கீழே இரண்டு, பக்கத்துக்கு ஒன்று. அளவைக் கேட்டுவிட்டு அவர், “யார் வீட்டுல சார் துக்கம்?” என்று மெதுவாகக் கேட்டார். ஹார்டுவேர் கடையில் கப்பியும் நைலான் கயிறும் வாங்கி நானே மாட்டினேன்.

முதல் நாள் ‘வஞ்சிக்கோட்டை வாலிபன்’தான் போட்டோம். பக்கத் திரை உள்ளே நெருங்கி நின்றது. தங்கச்சி பேத்தியையும் கூட்டி வந்திருந்தார்கள். நடனம் முடிகிற வரைக்கும் அசையாமல் பார்த்தவள், அடுத்த காட்சியில் எழுந்துபோய்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். இழுத்தால் திறக்கிறது, விட்டால் மூடுகிறது. அதற்கப்புறம் யாரும் படம் பார்க்கவில்லை.